ஓதிய தண்ணீரும் அரைக் குளிசையும்

எங்களைப் போலவே பிள்ளையின் கவனக்குறைபாட்டுக்கு மருந்து கொடுப்பதா வேண்டாமா என்று தடுமாறும் இரண்டு குடும்பத்தார், ஒருவர் காரைதீவிலிருந்தும் மற்றவர் எங்கள் தெருவிலிருந்தும், என்னிடம் விசாரித்தார்கள். இருவருக்கும் வாய்வழியாக அரைகுறையாகச் சொன்னேன். இந்த விடயத்தில் அரைகுறை கூடாது. ஆகவே கொப்பியைப் பார்த்து, நடந்த ஒழுங்கில் எழுதுகிறேன்.

நான் பிறந்தது மாவடிப்பள்ளியில். கல்யாணம் முடித்து மாப்பிள்ளையாக வந்தது மருதமுனைக்கு. வேலை நீர்ப்பாசனத் திணைக்களத்தில். தினமும் காலை எட்டரைக்கு மழைமானியை வாசித்து எழுதுவது என் பொறுப்புகளில் ஒன்று. மழை பெய்யாத நாளிலும் எழுதவேண்டும். பூச்சியம் என்று எழுதவேண்டும். இடம் வெறுமையாக இருந்தால் அன்று யாரும் வாசிக்கவில்லை என்று அர்த்தம். இந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. மனைவி நஸ்ரியா இதைப் பற்றிச் சொல்லும் பகிடிகளை இங்கே எழுதவில்லை.

எங்கள் ஒரே மகள் ஹனா. இது தொடங்கியபோது அவளுக்கு ஒன்பது வயது நிறையவில்லை. தரம் நான்கில் படித்தாள். துள்ளித் திரியும் பிள்ளை அல்ல. ஊரில் அவளுக்குப் பெயர் ‘நல்ல அமைதியான புள்ள’. கேற்றைச் சாத்திவிட்டு வரச் சொன்னால் போவாள், பத்து நிமிடத்துக்குப் பிறகு போய்ப் பார்த்தால் திறந்த கேற்றைப் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்த்தபடி நிற்பாள். ஒரு தவணையில் ஆறு தண்ணீர்ப் போத்தல்களைத் தொலைத்தாள். கரும்பலகையில் பத்து வரி இருந்தால் கொப்பியில் மூன்று வரி இருக்கும். மூன்றாவது வரி பாதியில் நிற்கும். அரை மணித்தியால வீட்டுவேலைக்குப் பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு இருந்தால் இரவு இஷாத் தொழுகைவரை போகும்.

இதையெல்லாம் வயதுக்குரியது என்று விட்டிருப்போம். மே மாதக் கடைசி வியாழக்கிழமை, கணக்குக் கொப்பிக்கு உறை போடும்போது உள்ளே பார்த்தேன். ஒவ்வொரு பக்கத்தின் மூலையிலும் சிறிய எழுத்தில் ‘நான் மொக்கு’ என்று எழுதியிருந்தாள். மொக்கு என்றால் எங்கள் பக்கத்தில் முட்டாள். எண்ணிப் பார்த்தேன், பத்தொன்பது பக்கங்கள்.

“ஏன் மகள் இப்படி எழுதியிரிக்கீங்க?” என்று கேட்டேன்.

“மறந்திராம இரிக்க” என்றாள்.

அந்தக் கொப்பியை நஸ்ரியாவிடம் காட்டினேன். அடுத்த கிளினிக் நாளை விசாரிக்கச் சொன்னது அவள்தான்.

ஜூன் நடுப்பகுதியில், ஒரு செவ்வாய்க்கிழமை, ஆஸ்பத்திரிக்குப் போனோம். சிறுவர் மனநலக் கிளினிக்கும் கண் கிளினிக்கும் ஒரே நடையில் எதிரெதிரே இருந்தன. நஸ்ரியா என் கையை இழுத்துக் கண் கிளினிக் வாங்கில் கொண்டுபோய் இருத்தினாள். அங்கிருந்து எங்கள் இலக்கத்தைக் கூப்பிடுவது கேட்கும் என்பது அவளுடைய கணிப்பு. சிறிது நேரத்தில் எங்கள் தெருவின் அடுத்த முனையில் இருக்கும் ஒரு பெண் பக்கத்தில் வந்து இருந்தார்.

“கண்ணுல என்னகா புள்ளக்கி?”

“ஒள்ளுப்பம் மங்கலாத் தெரியுதாம்” என்றாள் நஸ்ரியா.

ஹனா நிமிர்ந்தாள். “இல்ல உம்மா, எனக்கு வடிவாத் தெரியுது. அந்தா, அந்தப் போர்டுல சிறுவர் மனநலம் எண்டு எழுதியிரிக்கி.”

நான் சீலிங்கைப் பார்த்தேன். அந்தப் பெண் சிரிக்கவில்லை. “அங்கயா? என்ட தங்கச்சிட மகனையும் அங்கதான் காட்டுற. இஞ்ச இரிந்தா நம்பர் கேக்காது. வாங்க” என்று எழும்பி, எங்களை எதிர்ப்பக்கம் கூட்டிப் போனார். எங்கள் இலக்கம் ஏற்கெனவே இரண்டு தடவை கூப்பிட்டாகியிருந்தது.

மருத்துவர் யாழ்ப்பாணப் பக்கத்துப் பெண். அரை மணித்தியாலம் கேட்டார், அதில் பாதியை ஹனாவோடு கழித்தார். பிறகு இரண்டு படிவங்கள் தந்தார். ஒன்று பெற்றோருக்கு, மற்றது வகுப்பாசிரியைக்கு. ‘சொல்வதைக் கேட்காததுபோல் இருக்கிறதா’, ‘பொருட்களைத் தொலைக்கிறதா’ என்ற மாதிரிக் கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் ஒருபோதும் இல்லை, சிலவேளை, அடிக்கடி, எப்போதும் என்று நான்கு கட்டங்கள். இந்த நிலைமைக்கு இரத்தப் பரிசோதனை கிடையாது என்று விளக்கினார். வீட்டிலும் பள்ளிக்கூடத்திலும் பிள்ளை எப்படி இருக்கிறது என்பதை வைத்துத்தான் சொல்லவேண்டும். ஒரு இடத்தில் மட்டும் இருந்தால் காரணம் அந்த இடத்தில் இருக்கலாம்.

இரண்டு கிழமை கழித்துப் படிவங்களைக் கொடுத்தோம். எங்களுடையதில் பெரும்பாலும் ‘அடிக்கடி’, ‘எப்போதும்’. வகுப்பாசிரியை றிஹானா டீச்சரின் படிவத்தில் மேலிருந்து கீழ்வரை ‘ஒருபோதும் இல்லை’.

மருத்துவர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். “வீட்டில ஏதும் பிரச்சினை இருக்கோ? நீங்கள் ரெண்டு பேரும் சண்டை பிடிக்கிறனீங்களோ?” என்று மெதுவாகக் கேட்டார். கேட்கவேண்டிய கேள்விதான். வெளியே வந்ததும் நஸ்ரியா ஒரு முச்சக்கர வண்டியைக் கூப்பிட்டாள். வண்டி நேராக றிஹானா டீச்சரின் வீட்டுக்குப் போனது.

டீச்சர் நஸ்ரியாவுக்கு மாமியின் மகள், மச்சி முறை.

“என்னகா மச்சி, எல்லாத்துக்கும் இல்லையெண்டு போட்டிரிக்கி?”

“மறுகா என்ன போடுற? அந்தத் தாள் நாளைக்கு எங்க போய் நிக்கும் எண்டு உங்களுக்குத் தெரியுமா? புள்ள குமராகி, மாப்பிள்ள பேசுற நேரம் ஆராவது எடுத்து நீட்டினா?”

“எட்டு வயசுப் புள்ளக்கி மாப்பிள்ளயா?”

“வயசு நிக்குமா, சொல்லுங்க.”

“அங்க டொக்டர் என்ன, புருஷன் பொஞ்சாதிக்கிச் சண்டையா எண்டு கேக்கிறா. நீங்க புள்ளட பேரக் காப்பாத்தி எங்கட பேரக் கெடுத்துட்டீங்க.”

டீச்சர் என்னைப் பார்த்தார். நான் கொப்பியை மூடினேன். டீச்சர் சொன்னார்: “உண்மையச் சொன்னா மச்சான், அவ வகுப்புல இரிக்காவா இல்லயா எண்டே எனக்குத் தெரியிறல்ல. கூப்பிட்டா ஓம் டீச்சர் எண்டுவா. ஆனா வேற எங்கயோ இரிந்துதான் சொல்லுவா.”

புதிய படிவத்தை எங்கள் முன்னால் நிரப்பினார். அதில் பொய் இல்லை.

ஹனா வெறித்துப் பார்த்து நிற்கும் பழக்கத்தைக் கேட்டபிறகு, மருத்துவர் மூளையின் மின் அலைப் பதிவுக்கு எழுதிக் கொடுத்தார். சில பிள்ளைகளுக்கு ஒருவகை வலிப்பு இருக்கும். கை கால் இழுக்காது, விழமாட்டார்கள், சில விநாடிகள் உறைந்து நிற்பார்கள், அவ்வளவுதான். அது இல்லை என்று உறுதி செய்யவேண்டும். தலையின் பல இடங்களில் மெல்லிய வயர்களை ஒட்டி, மூளையில் ஓடும் சிறிய மின்சாரத்தைக் கோடுகளாகப் பதிவார்கள். வலி கிடையாது. ‘வலிப்பு’ என்ற சொல்லைக் கேட்ட நாளிலிருந்து நான் அதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் வாசித்தேன். வாசிக்க வாசிக்கப் பயம் கூடியது. பதிவு வரையான அந்தப் பதினெட்டு நாட்களில் கொப்பியில் மழை அளவு மட்டும்தான் இருக்கிறது. எல்லாம் பூச்சியம்; மழையில்லாத சிறுபோகக் காலம்.

பதிவுக்கு மட்டக்களப்புக்குப் போகவேண்டியிருந்தது. நிபந்தனைகள் இரண்டு. பிள்ளை முதல்நாள் குறைவாக நித்திரை கொள்ளவேண்டும், தலைமுடியைக் கழுவி எண்ணெய் இல்லாமல் வரவேண்டும். இரண்டையும் சரியாகச் செய்தோம். அந்த ஆஸ்பத்திரியில் தொழில்நுட்பவியலாளர் ஒரு இளைஞர். ஹனாவின் உச்சியில் விரலை வைத்தார், பிறகு விரலை முகர்ந்து பார்த்தார்.

“எண்ணெய் வைச்சிரிக்கீங்க.”

“இல்லயே தம்பி, ராவுதான் சம்பு போட்டுக் கழுவின” என்றாள் நஸ்ரியா.

“வயர் ஒட்டாது. வழுக்குது.”

“பெரியம்மா வெச்ச” என்றாள் ஹனா. “நாம பஸ்சுக்கு வெளிக்கிட்ட நேரம் கேற்றடியில. ஓதின எண்ணெயாம். பிஸ்மில்லாச் சொல்லி மூணு தரம் தடவின.”

பெரியம்மா என்பது நஸ்ரியாவின் மூத்த ராத்தா, அதாவது அக்கா. பயணம் நல்லபடியாக முடியவேண்டும் என்று ஓதி ஊதிய எண்ணெயைத் தடவியிருக்கிறார். தொழில்நுட்பவியலாளர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. “இது எங்களுக்குக் கிழமைக்கு ரெண்டு மூண்டு வரும்” என்று சொல்லி மேசை லாச்சியிலிருந்து சவர்க்காரத் துண்டொன்றை எடுத்துத் தந்தார். “சில ஆக்கள் விபூதி, சில ஆக்கள் எண்ணெய். பைப் அங்க இரிக்கி.”

வெளிக் குழாயடியில் நஸ்ரியா மகளின் தலையைக் குனியவைத்துக் கழுவினாள். தன் ஷோலின் முனையால் துவட்டினாள். இரண்டாவது தடவை தேய்க்கும்போது அவள் கை சற்று நின்றது. பிறகு தண்ணீரைத் திறந்துவிட்டாள்.

ஹனா அந்தக் கட்டிலில் படுத்ததும் தூங்கிப்போனாள். கோடுகள் ஓடின. வலிப்பு இல்லை.

ஜூலைக் கடைசியில் மருத்துவர் பெயரைச் சொன்னார்: கவனக்குறைபாடு, துடியாட்டம் இல்லாத வகை. பெண் பிள்ளைகளில் இது பிந்தித்தான் கண்ணில் படும், ஏனென்றால் அவர்கள் யாருக்கும் கரைச்சல் கொடுப்பதில்லை என்றார். இது புத்திக் குறைவு அல்ல. நான் விளங்கிக்கொண்டது இப்படி: வாய்க்காலில் தண்ணீர் இருக்கிறது, எந்த வயலுக்கு எப்போது திறப்பது என்று பார்க்கும் ஆள் அடிக்கடி இடத்தில் இல்லை. மருத்துவரிடம் சொன்னேன். “ஓம், அப்பிடியும் சொல்லலாம்” என்றார்.

மருந்துப் பேச்சை முதலில் அவர் எடுக்கவில்லை. மூன்று மாதம் வேறு வழிகளைச் செய்துபார்க்கச் சொன்னார். முன்வாங்கில் இருத்துவது, ஒரு நேரத்தில் ஒரு வேலை, பத்து நிமிடப் படிப்பு, பிறகு எழும்பி ஒரு ஓட்டம், கதவுக்குப் பின்னால் படம் வரைந்த ஒரு பட்டியல். ஊரும் தன் பங்குக்குச் செய்தது. ஒருவர் சீனியை நிறுத்தச் சொன்னார், அன்றோடு வீட்டில் சீனியை நிறுத்தினோம். யூனானி வைத்தியர் ஒரு லேகியம் தந்தார். எனக்கு அதில் நம்பிக்கை இல்லாவிட்டாலும், பிள்ளைக்கு இரவில் நல்ல நித்திரை வேண்டும் என்று அவர் சொன்னது சரி. ஒக்டோபர் முடிவில் தொலைந்த போத்தல்களின் எண்ணிக்கை குறைந்தது. வீட்டில் சத்தம் குறைந்தது. கரும்பலகையின் மூன்று வரி நான்கானது. கொப்பி மூலையில் அந்தச் சொல்லை எழுதுவது மட்டும் நிற்கவில்லை. பென்சிலால் எழுதியதைப் பேனையால் எழுதத் தொடங்கியிருந்தாள்.

அப்போதுதான் மருத்துவர் மெதைல்ஃபெனிடேட் என்ற குளிசையைப் பற்றிக் கதைத்தார். காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு அரைக் குளிசை. சில மணித்தியாலங்கள் வேலை செய்து உடம்பைவிட்டுப் போய்விடும். பசி குறையலாம், நித்திரை பிந்தலாம், மருந்து இறங்கும் பின்னேரத்தில் எரிச்சல் வரலாம். ஆகவே ஒவ்வொரு தடவையும் நிறை, உயரம், இதயத் துடிப்பு பார்ப்பார்கள். சரிவராவிட்டால் நிறுத்தலாம்.

“பழகிப் போகுமா டொக்டர்?” என்றாள் நஸ்ரியா.

“நாங்கள் சொல்லுற அளவில, எங்கட கண்ணுக்கு முன்னால குடுத்தா அந்தப் பயம் தேவையில்லை. ஆனா நீங்கள் பயப்பிடுறது பிழையில்லை. வீட்டை போய் யோசியுங்கோ.”

யோசித்தோம். நான் சாதகம் ஒரு பக்கம், பாதகம் ஒரு பக்கம் என்று இரண்டு நிரல்கள் எழுதினேன். நஸ்ரியா அதை வாசிக்கவில்லை. நஸ்ரியாவின் காக்கா, அவளுடைய அண்ணன், வந்து, அது போதைக் குளிசையாம், பள்ளிக்கூடத்துப் பொடியன்கள் களவாக விழுங்கும் சாமானாம் என்று சொல்லிவிட்டுத் தேநீர் குடித்துப் போனார்.

“உங்களுக்கு அவ மார்க்ஸ் எடுக்கணும். வாற வருஷம் ஸ்கொலர்ஷிப்” என்றாள் நஸ்ரியா.

“எனக்கு அந்தச் சொல்ல அவ எழுதாம இரிக்கணும்.”

“எனக்கும் அதான். ஆனா குளிசையக் குடிச்சிட்டு நம்மட ஹனா இல்லாம வேற ஆரோ ஒரு புள்ள வந்து முன்னால இரிந்தா?”

இதற்கு என் நிரல்களில் இடம் இல்லை.

கடைசியில் இரண்டு கிழமை பார்ப்பது என்று உடன்பட்டோம். மருத்துவர் ஒரு வழிமுறை சொல்லித் தந்தார். எப்போது தொடங்குகிறோம் என்று றிஹானா டீச்சருக்குச் சொல்லக்கூடாது. டீச்சர் ஒவ்வொரு நாளும் கரும்பலகை வரிகளில் ஹனா எத்தனை எழுதினாள் என்று மட்டும் குறிக்கவேண்டும். நான் வீட்டில் பத்துக்கு எத்தனை என்று புள்ளி போடவேண்டும். குளிசையைக் கொடுப்பது நஸ்ரியா.

நவம்பர் முதல் திங்கட்கிழமை தொடங்கினோம். அன்று பருவமழையும் பிடித்தது. என் கொப்பியில் உள்ளபடி: திங்கள், ஆறு புள்ளி, ‘கண்ணில் ஒரு தெளிவு’. செவ்வாய், ஆறு, ‘கூப்பிட்டதும் திரும்பினாள்’. புதன், ஏழு. அதற்கு முந்திய கிழமை சராசரி மூன்று. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு நன்றிக்காக இரண்டு ரக்அத் கூடுதலாகத் தொழுதேன். இரண்டாவது கிழமை ஏழு, ஏழு, எட்டு. வரைபடத் தாளில் கோடு போட்டேன். நேர்த்தியாக ஏறியது.

அந்தத் தாளோடு கிளினிக்குக்குப் போனோம். மருத்துவர் என் கோட்டையும் டீச்சரின் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார், ஜூன் மாதம் வைத்ததுபோல. டீச்சரின் தாளில் முதல் கிழமை நான்கு, மூன்று, நான்கு, நான்கு, மூன்று. இரண்டாவது கிழமை திங்கட்கிழமை ஏழு. அதன்பிறகு ஏழுக்குக் குறையவில்லை.

“இது பொருந்தேல்லையே” என்றார்.

டீச்சர் மறுபடியும் ஏதோ நினைத்து எழுதியிருக்கிறார் என்று சொல்ல வாயெடுத்தேன். நஸ்ரியா முந்தினாள்.

“அவ எழுதினது சரி டொக்டர். முதல் கிழமை நான் குளிசை குடுக்கல்ல.”

நஸ்ரியா என்னைப் பார்க்காமல் மருத்துவரைப் பார்த்துச் சொன்னாள்: “பள்ளிவாசல் ஹஸ்ரத்திட்ட ஏழு நாளைக்குத் தண்ணி ஓதி எடுத்திரிந்தன். திங்களிலிரிந்து ஞாயிறு மட்டும். ரெண்டையும் ஒண்டாக் குடுத்தா, நாளைக்கு எது சுகமாக்கின எண்டு தெரியாமப் போயிரும். அதான் ஒண்டு முடிய மற்றது எண்டு செஞ்சன். குளிசை அப்படியே சீனிப் போத்தலுக்குள்ள இரிந்த. சீனிதான் பாவிக்கிறல்லயே, ஆரும் திறக்க மாட்டாங்க எண்டு.”

“எனக்குச் சொல்லியிருக்கலாமே” என்றேன்.

“சொன்னா நீங்க எழுதியிரிப்பீங்க.”

மருத்துவர் ஏசுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் என் தாளை மடித்துத் திருப்பித் தந்தார். “அம்மா செய்ததுதான் சரியான முறை. ஒவ்வொண்டாப் பாத்திருக்கிறா. ஆனா இனிமேல் எங்களுக்கும் சொல்லிப்போட்டுச் செய்யுங்கோ” என்றார்.

மழைமானியை வாசிக்கும்போது கண்ணை நீர்மட்டத்துக்கு நேராக வைக்கவேண்டும். சற்று மேலிருந்து பார்த்தாலும் அளவு பிழைக்கும். புதிதாக வரும் பையன்களுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பது இதைத்தான். ‘கண்ணில் ஒரு தெளிவு’ என்று எழுதிய திங்கட்கிழமை, மகளின் வயிற்றில் இருந்தது இடியப்பமும் ஓதிய தண்ணீரும். சொந்தம் என்பதற்காக முன்பு பொய் எழுதிய டீச்சர் இந்தத் தடவை வரிகளை எண்ணி எழுதியிருந்தார். எதையும் எழுதாத நஸ்ரியாவிடம்தான் பரிசோதனை இருந்தது.

அதுவரை நாங்கள் கேட்காத ஒரு ஆளிடம் மருத்துவர் கேட்டார்.

“ஹனா, குளிசை குடிச்சா என்னமாதிரி இருக்கு?”

ஹனா யோசித்தாள். “சத்தமெல்லாம் ஒண்டொண்டா வருது.”

“முதல்ல?”

“முதல்ல எல்லாம் ஒரே நேரம் வரும். டீச்சர், ஃபேன், பக்கத்து வீட்டுத் தறி, எல்லாம். இப்ப டீச்சர்ட சத்தம் முன்னுக்கு நிக்கிது.” பிறகு சேர்த்தாள்: “ஆனா பகல் சோறு தின்ன மனமில்ல. பின்னேரம் சும்மா அழுகை வருது.”

“அது யாரிட்டையும் சொன்னனீங்களோ?”

“வாப்பா எழுதிட்டிரிந்தாங்க.”

அன்று எடுத்த முடிவு இதுதான். பள்ளிக்கூட நாட்களில் அரைக் குளிசை. சனி, ஞாயிறு இல்லை. காலையில் வயிறு நிறையச் சாப்பாடு, பகல் சோற்றை அஸருக்குப் பிறகு அவளுக்குப் பசிக்கும்போது கொடுப்பது. அழுகை மூன்றாவது கிழமையில் குறைந்தது. நிறை ஒரு தடவை சற்று இறங்கி மறுபடி ஏறியது. றமழானுக்கு எங்கள் பள்ளிக்கூடங்கள் மூடியிருந்தபோது மருத்துவரிடம் கேட்டுக் குளிசையையும் நிறுத்தினோம். அந்த மாதம் ஹனா மறுபடியும் கேற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வேறு யாரோ ஒரு பிள்ளை வரவில்லை என்று நஸ்ரியா அப்போதுதான் உறுதியாக நம்பினாள் என நினைக்கிறேன். கேற்றடிக்குப் போய் அவளோடு தானும் கொஞ்ச நேரம் நின்றாள். எல்லாப் பிள்ளைக்கும் இது பொருந்தும் என்று நான் சொல்லமாட்டேன். வேறு பிள்ளைக்கு மருந்து வேண்டியிராது, அல்லது இந்த மருந்து சரிவராது. எங்கள் பிள்ளைக்கு நடந்தது இது.

இந்த மே மாதம் மறுபரிசோதனை. ஹனா தரம் ஐந்தில் இருக்கிறாள், ஸ்கொலர்ஷிப் பரீட்சைக்குத் தயாராகிறாள். எத்தனை புள்ளி எடுப்பாள் என்று தெரியாது. நிறை பார்த்து, துடிப்புப் பார்த்து முடிந்தபிறகு, மருத்துவர் பழைய கோவையைப் புரட்டினார்.

“மொக்கு எண்டு எழுதுறவ. கடைசியா எப்ப எழுதினவ?”

நான் கொப்பியைத் திறந்தேன். ஏப்ரல், மார்ச், ஜனவரி என்று பின்னோக்கிப் புரட்டினேன். குளிசை நாட்கள், நிறை, மழை எல்லாம் இருந்தன. டிசம்பரின் தொடக்கத்தில் இரண்டு இடத்தில் அந்தச் சொல் இருந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. அவள் எழுதாததால் இல்லையா, நான் பார்க்காததால் இல்லையா என்று சொல்ல ஒரு பூச்சியம்கூட நான் போட்டிருக்கவில்லை. ஹனாவின் பள்ளிப் பையிலிருந்த கணக்குக் கொப்பியை வாங்கிப் பார்த்தேன். மூலைகள் வெறுமையாக இருந்தன.

“திகதி இல்ல டொக்டர்” என்றேன். “எப்ப நிண்ட எண்டு நான் குறிக்கல்ல.”

நஸ்ரியா எட்டிப் பார்த்தாள். “நீங்களே மறந்துட்டீங்களா?”

“ஓம்.”

“அப்ப நல்லது” என்றாள். பையையும் ஹனாவின் தண்ணீர்ப் போத்தலையும் எடுத்துக்கொண்டு எழும்பினாள்.